கேமரா பழசாகவில்லை அண்ணாச்சி, உங்கள் சைட்டைக் கேளுங்கள்

"தம்பி, நீ காட்டும்போ கல்லு நல்ல செவப்பு. சைட்டுல பாத்தா செங்கல் கலர்ல கெடக்கு. கேமரா பழசாச்சோ?"

நகைக்கடை அண்ணாச்சியின் இந்தப் போனை எத்தனை தடவைதான் எடுப்பது! நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோவில் நகைகளைப் படமெடுத்துக் கொடுப்பதுதான் எனக்குத் தொழில். நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என்று பரதநாட்டியப் பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அதில் இருப்பதே கெம்புக் கல்லின் சிவப்பும் முலாமின் மஞ்சளும்தான். அதற்காகத்தான் சாம்பல் அட்டை வைத்து வெள்ளையைச் சரிபார்த்து, மானிட்டரின் வெள்ளையைக் கருவி வைத்து 6500 கெல்வினில், அதாவது பகல் வெளிச்ச வெள்ளையில் நிறுத்தி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில் இரண்டு ஃபோல்டர் கொடுப்பேன். கேட்டலாக் அச்சடிக்க அடோபி ஆர்ஜிபியில் ஒன்று, சைட்டில் போட எஸ்ஆர்ஜிபியில் ஒன்று. இரண்டுமே நிறத்தை எண்களாக எழுதுகிற முறைகள்தான், ஆனால் ஒரே எண்ணுக்கு இரண்டிலும் ஒரே நிறம் இல்லை. 'அச்சுக்கு மட்டும்' என்று ஃபோல்டர் பெயரிலேயே இருக்கும், அதுவும் தமிழில். சைட் பார்க்கிற பையன் எதை எடுப்பான்? அச்சு ஃபோல்டரைத்தான். கேட்டால் "அதுல சைஸ் பெருசா இருந்துச்சு அண்ணே, குவாலிட்டி ஜாஸ்தின்னு நெனச்சேன்" என்கிறான்.

சரி, எடுத்ததோடு விட்டானா? சைட் வேகமாக வரவேண்டுமென்று படத்தைச் சுருக்குகிற ஒரு பிளகின் போட்டிருக்கிறான். எண்கள் எந்த முறையில் எழுதியவை என்று சொல்ல படத்துக்குள் ஒரு சீட்டு இருக்கும், ஐசிசி ப்ரொஃபைல் என்று பெயர், அதை அந்தப் பிளகின் உருவி எறிந்துவிடுகிறது, எண்களை மாற்றாமலே! சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று இருக்கிற அதே சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0. ப்ரொஃபைல் கூடவே இருந்தால் பிரவுசர் கணக்குப் போட்டுச் சரியாகக் காட்டிவிடும். அதைப் பிடுங்கிவிட்டால் 219ஐயும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், கல் மங்கித்தான் போகும். கல்ஃபிலிருந்து வந்த பில்லில் 500 என்று மட்டும் இருந்தால் ரியாலா ரூபாயா என்று கேட்கமாட்டோமா மக்கா?

அந்த அடோபி ப்ரொஃபைல் எவ்வளவு பெரிசு தெரியுமா? 560 பைட். கிலோபைட் இல்லை, பைட்! முகப்பில் யாரும் கேட்காமலே ஓடுகிற வீடியோ இருக்கலாம், அந்த 560 பைட்தான் சைட்டை அமுக்குகிறதாம். போகிற போக்கில் படத்துக்குள் எழுதியிருந்த என் பெயரையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது, அது தனி வயிற்றெரிச்சல்.

இது ஒன்றும் நான் நேற்று கிளப்பிவிட்ட புதுச் சட்டம் இல்லை. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996ல் முன்வைத்து, 1999ல் சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்ட சமாச்சாரம் எஸ்ஆர்ஜிபி. சைட்டில் ஏற்றுவதற்கு முன் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடு, ப்ரொஃபைலைக் கழற்றாதே. இவ்வளவுதான் கேட்கிறேன்.

இதற்கு நடுவில் அண்ணாச்சி வேறு. போன் டிஸ்ப்ளேயை நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற 'விவிட்'டில் வைத்திருக்கிறார், ராத்திரியானால் கண்ணுக்கு இதம் என்று திரையை மஞ்சளாக்குகிற வசதியும் ஓடுகிறது. அதில் பார்த்துவிட்டு "செவப்ப கொஞ்சம் தூக்கிப் போடு" என்று எனக்கு உத்தரவு. அவர் போனுக்காகத் தூக்கினால் வாங்குகிறவர் போனில் கல் பல்பு போட்டது போல எரியும், பெட்டியைப் பிரித்ததும் நகை திரும்பி வரும். கன்னியாகுமரி சூரிய உதயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஆரஞ்சாக்கலாம், திருவள்ளுவர் சிலையையும் சேர்த்து முக்கி எடுக்கலாம், சூரியனை யாரும் ரிட்டர்ன் போடப் போவதில்லை. நகையைப் போடுவார்கள், அந்தப் பழியும் என் தலையில்தான் விழும்.

இனிமேல் அச்சு ஃபோல்டர் நேராக அச்சகத்துக்குத்தான் போகும். கடைக்கு எஸ்ஆர்ஜிபி மட்டும்தான். "ஏன் தம்பி சின்ன சைஸா தாற?" என்று அடுத்த போன் வரும், வரட்டும்.