"கம்பைலர் மேல பழி போடாதே"ன்னு சொல்றவங்களுக்கு

கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) பக்கம் வேலைக்கு வந்த எல்லாரும் சீனியர்கிட்ட இந்த வசனத்தை வாங்கிக் கட்டியிருப்போம். பெரும்பாலும் அது சரிதான், மறுக்கல. ஆனா நிஜமாவே கம்பைலர் (நாம எழுதற கோடை மெஷின் மொழிக்கு மாத்தற புரோகிராம்) கழுத்தறுக்கும்போது மாட்டினவன் கதி என்னன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

லோடு ஏறினா மட்டும் கெர்னல் விழும். மெமரி முகவரி வெச்சிருக்கற பாயின்டர்ல குப்பை. சந்தேகப்பட்ட இடத்துல ஒரு பிரிண்ட்கே (லாக்ல மெசேஜ் எழுதற வரி) போட்டா பிழை மாயம். எடுத்தா மறுபடி ஆஜர். எரிச்சல்ல உக்காந்திருக்கும்போது ஒரு மகராசன் வருவார்: "ஆப்டிமைசேஷனை ஓ-ஜீரோ வெச்சுப் பாருங்க ப்ரோ." லினக்ஸ் கெர்னல் ஓ-ஜீரோவுல, அதாவது கம்பைலரோட மெருகேத்தற வேலையை அணைச்சுட்டா, பில்டே ஆகாது சாமி! தேவையில்லாத கோடை கம்பைலரே தூக்கிடும்னு நம்பி எழுதின இடம் அதுல கொட்டிக் கிடக்கு.

2014-ல ஜிசிசிங்கற கம்பைலரோட 4.9.0 பதிப்பு என்ன பண்ணுச்சு தெரியுமா? கெர்னலோட ஷெட்யூலர்ல (எந்த வேலை எப்ப ஓடணும்னு முடிவு பண்ற பகுதி) லோடு_பேலன்ஸ் ஃபங்ஷன்ல, ஸ்டாக் பாயின்டரை (ஃபங்ஷனோட தற்காலிக மெமரிக்கு எல்லை காட்டறது) இறக்கி இடம் ஒதுக்கறதுக்கு முன்னாடியே அதுக்குக் கீழ எழுதி வெச்சுது. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் வாயில வந்ததையெல்லாம் திட்டினார். வயிறு எரியற விஷயம் என்னன்னா, டீபக் தகவலோட கம்பைல் பண்ணாதான் அந்தப் பிழையே வரும். பிழையைக் கண்டுபிடிக்கன்னு போடற ஆப்ஷனே பிழையைக் கொண்டுவந்தா மனுஷன் எங்க போய் முட்டிக்கறது?

ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் ப்ராசஸர்) கதை இன்னும் மோசம். அதே 4.9 வரிசைதான். ரஸ்ஸல் கிங், ஆர்ம் லினக்ஸை ஆரம்பத்துலேர்ந்து வளர்த்த ஆள். அவர் மெஷின்ல எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் எப்பவாவது திடீர்னு ஐநோட் (ஃபைலோட விவரப் பதிவு) செக்சம் தப்புன்னு கத்தும். இதைப் பாத்தா யாருக்கு கம்பைலர் ஞாபகம் வரும்? டிஸ்க், மெமரி, கேஷ்னுதான் புத்தி ஓடும். கடைசில பாத்தா, ஃபங்ஷன் முடியற இடத்துல கம்பைலர் ஸ்டாக் பாயின்டரை முதல்ல மேல ஏத்திட்டு, அதுக்கப்புறம் பழைய இடத்துலேர்ந்து மதிப்பைப் படிக்குது. சரியா அந்த இடுக்குல ஒரு இன்டரப்ட் (ஓடற வேலையை நடுவுல நிறுத்தற ஹார்டுவேர் அழைப்பு) வந்துட்டா, அது ப்ராசஸரோட ரெஜிஸ்டர் மதிப்பையெல்லாம் அங்கேயே கொட்டிட்டுப் போயிடும். நீங்க படிக்கறது அந்தக் குப்பையைத்தான். வர்றதோ எப்பவாவது; டெஸ்ட்ல எப்படி மாட்டும்?

இதை ஜிசிசிக்காரங்க 2015-ல 5.1-லயே சரிபண்ணிட்டாங்க. கெர்னல் பக்கம் "ஆர்ம்64-க்கு இனி 5.1-க்குக் கீழ ஆகாது"ன்னு கதவைச் சாத்தினது 2021-ல. நடுவுல எத்தனை பேர் நல்ல டிஸ்க்கைக் கழட்டிப் போட்டாங்களோ.

"சி மொழி ஸ்டாண்டர்டே அனுமதிக்குது"ங்கற ரகம் தனி. 2009-ல டன் (TUN) நெட்வொர்க் டிரைவர்ல, பாயின்டரை முதல்ல பயன்படுத்திட்டு அப்புறம்தான் அது NULL-ஆன்னு (எதையும் காட்டாத வெற்று பாயின்டரான்னு) சோதிச்சிருந்தாங்க. அது தப்புதான். ஆனா கம்பைலர், "ஏற்கனவே பயன்படுத்திட்டாங்க, அப்ப NULL-ஆ இருக்காது"ன்னு முடிவு கட்டி சோதனையையே சத்தமில்லாம தூக்கிடுச்சு. சாதாரண க்ராஷ், மெஷினையே முழுசா கைப்பத்தற ரூட் ஓட்டையாச்சு. ஒரு வார்னிங் குடுத்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

சரி, புதுசுக்கு மாறலாம்னு பாத்தா போர்டு வெண்டர் விட்டாத்தானே. எங்களுக்கு வர்ற எஸ்டிகேயில (வெண்டர் தர்ற டூல் தொகுப்பு) இன்னிக்கும் ஜிசிசி 4.9தான், அதுக்குத் தோதா ஒரு அரதப் பழசு கெர்னல். டிஸ்அசெம்பிளியை (கம்பைலர் உருவாக்கின மெஷின் கோடைப் படிக்கற மாதிரி மாத்தினது) எடுத்து, தப்பான வரியைக் குறிச்சு டிக்கெட் போட்டா வந்த பதில்: "இது நாங்க வேலிடேட் பண்ண டூல்செயின் (கம்பைலர் உள்ளிட்ட டூல்ஸ்) சார். மாத்தினா சப்போர்ட் கிடையாது. உங்க டிரைவரை ஒருதடவை செக் பண்ணுங்க."

டிக்கெட்டையும் மூடிட்டாங்க.