வாலை மட்டும் பாத்தா போதாது

வாலாட்டுனா நாய் சந்தோஷமா இருக்குன்னு நாய்களைப் பத்தின உங்க கட்டுரைல ஒரே வரில முடிச்சிட்டீங்க, அது பாதிதான் சரி. வால் விறைப்பா மேல நின்னு நுனி மட்டும் படபடன்னு ஆடுனா அது டென்ஷன், கிட்ட போகாதீங்க. 2007ல இத்தாலில பண்ண ஆராய்ச்சில ஓனரைப் பாத்தா வால் நாயோட வலது பக்கம் கூடுதலா ஆடுது, தெரியாத முரட்டு நாயைப் பாத்தா இடது பக்கம்னு கண்டுபிடிச்சாங்க. எங்க வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) புளோக் லிஃப்ட்ல அடிக்கடி பாக்குறேன், பக்கத்து வீட்டு ஷிட்சூ நாய் மூலைல ஒடுங்கி மூக்கை நக்கிக்கிட்டு மூஞ்சியத் திருப்பி, கண்ணு வெள்ளை தெரிய ஓரமா பாக்கும், கொட்டாவி வேற விடும், உடனே “பாவம் தூக்கம் வருது”ன்னு ஆன்ட்டிங்க தலையைத் தடவ கைய நீட்டுறாங்க, ஐயோ அது பயத்துல விடுற கொட்டாவிங்க! உறுமுனாலும் அதட்டாதீங்க, அதட்டி அடக்கிட்டா அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிச்சாலும் கடிச்சிரும்.