அப்பா சடை பின்னினால் யாருக்கு என்ன வலிக்குது?

நம்ம மலையகத் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிற ஞாயிறு வாசிப்பில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 16 பக்கப் படக்கதை, 9ஆம் பக்கத்தில் அப்பா மகளுக்குச் சடை பின்னுகிறார். “பயலுகளப் பொம்பளையாக்கப் பாக்குறீங்களா?” என்று ஒரு பெரியவர் அந்தத் தாளையே கிழித்துவிட்டார்.

சடைதானே ஐயா பின்னினார்! எண்ணெய் தடவி, நுனியிலிருந்து சிக்கெடுத்து, 3 பிரியாகப் பிரித்து. உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால் பிள்ளை கத்தும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கைக்கு இந்தப் பக்குவம் வராதா?

“இது வெள்ளைக்காரன் சரக்கு” என்பீர்கள். மாசியில் மன்மதன் கதையான காமன் கூத்து ஆடும்போது ரதி வேசம் கட்டி, புருசன் மதன் எரிந்ததும் ஒப்பாரி வைக்கிறது யார்? பரம்பரையாக ஆம்பளைதான். லயத்து வீட்டு வரிசையே கூடி நின்று கண்ணைத் துடைக்கும். மறுநாள் ஒரு பொடியன் அழுதால் மட்டும், “என்னடா பொட்டச்சி மாதிரி!”

“பயலுக கெட்டுப்போவானுக” என்பவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

“கதை என்ற பெயரில் உபதேசமா?” என்று கேட்டால் அது நியாயம். ‘ஆண் பிள்ளையும் அழலாம்’ என்று வசனம் எழுதினால் பிள்ளை எழுந்து போய்விடும். படம் சொன்னதை வசனம் திரும்பச் சொல்லக்கூடாது. அப்பா ரொட்டியைக் கருக்கி எல்லாரும் சிரிக்கிற மாதிரி வரைந்தாலும் தொலைந்தது: அடுப்படிக்குப் போகிற ஆம்பளை கோமாளி என்றுதான் பயல் படிப்பான். அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பாவைச் சமைக்க வைக்கிற கதைகளிலும் கோளாறு உண்டு. அம்மா திரும்பியதும் கரண்டி கைமாறிவிடும். அப்பா சமைக்கிற அதே படத்தில் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து சாயத்தண்ணி, அதுதான் பால் இல்லாத தேத்தண்ணி, குடிக்கட்டும். ‘அப்பா உதவினார்’ என்றும் வேண்டாம், உதவி என்றாலே வேலை அம்மாவுடையது என்றாகிவிடுகிறது. ‘அப்பா வந்தார், அம்மா வந்தாள்’ என்கிற இடத்தில் அந்த ‘ஆர்’, ‘ஆள்’ வித்தியாசத்தை 5 வயதுக் காது நன்றாகவே பிடிக்கும்.

வாசிக்கிறவர்களும் “இது சரியா, பிழையா?” என்று கேட்டுக் கெடுக்காதீர்கள். பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். “அடுத்து என்ன?” என்று கேட்டுத் தாளைப் புரட்டுங்கள், போதும்.

சடைதான் பின்னினார். 1984இல் இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் சமமானது. அந்தி நேரத்து அடுப்பு இன்னும் சமமாகவில்லை. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மலையிறங்கி வருகிறவள் விறகை ஊதுவாள்; மத்தியானமே வேலை முடித்தவர் லயத்துக் காம்பரா அறையில் கால் நீட்டி, “டீ எங்கே?” என்பார். அதைப் பார்த்துத்தானே பொடியன் வளர்கிறான். அதையெல்லாம் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை. ஒரு காகிதம் கிழிக்க மட்டும் என்ன வீரம்!

பக்கத்தை ஒட்டியாச்சு. வருகிற ஞாயிறு 9ஆம் பக்கத்திலிருந்துதான் வாசிப்பு.