மஞ்சள் சட்டையும் கறுப்புச் சாயமும்

மறுபடியும் அந்தப் படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பாங்காக் அரண்மனை மதிலோரம் கறுப்பு உடுத்தி அழுகிற பெண்கள். மேலே "அடிமைகளின் கண்ணீர்" என்று ஒரு வரி, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பகிர்ந்தவர் யாரென்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். போன மார்கழியில் "தாய்லாந்து அரசவையில் திருவெம்பாவை, தமிழன்டா" என்று மார் தட்டியவரும் அவரேதான். ஐயா, அந்தப் பாட்டு அங்கே உச்சரிப்பு சிதைந்தாவது உயிரோடு கிடப்பது அரசர்கள் சோறு போட்டு வைத்த அந்தணர்களால். பாட்டு நமக்குப் பெருமை, அரசர் செத்ததற்கு அழுதால் மட்டும் அடிமையா?

தாய்லாந்து அரசர் பூமிபோல் அதுல்யதேஜ் இறந்தது 2016 அக்டோபர் 13. எழுபது ஆண்டு ஆண்டவர். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கும் வேறொரு அரசரைத் தெரியாது. 1917இல் வந்த அவர்கள் கொடியைப் பாருங்கள்: சிவப்பு தேசம், வெள்ளை மதம், நடுவில் நீலம் அரசர். நீலப் பட்டை மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு அகலம். எத்தனையோ ராணுவப் புரட்சி, எத்தனையோ அரசியல் சட்டம் வந்து போயின. அந்த நீலத்துக்கு மட்டும் ஒரே முகம்.

அழுகையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன். அந்தத் துக்கத்தில் கைவேலை இருந்தது.

ஒரே வாரத்தில் கறுப்புத் துணிக்குத் தட்டுப்பாடு, விலை ஏற்றம். உடனே தெருவிலும் கல்லூரி வாசலிலும் அண்டா வைத்து இலவசமாகச் சாயம் போட்டுக் கொடுத்தார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துணியை முதலில் நனைத்துப் பிழிய வேண்டும், காய்ந்த துணியை இறக்கினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாயத்தோடு உப்பும் போட வேண்டும். உப்புதான் சாயத்தை நீரிலிருந்து நூலுக்குத் தள்ளும். கொதிநிலையை ஒட்டிய சூட்டில் அரைமணி நேரமாவது கை ஓயாமல் துழாவ வேண்டும். அவசரத்தில் அண்டாவை நிரப்பினால் மடிப்புக்குள் வெளுப்பு நிற்கும். தண்ணீர் தெளியும்வரை அலசாவிட்டால் வியர்வையில் கழுத்தெல்லாம் கறுப்பு. பருத்தி பிடிக்கும். பாலியெஸ்டர் அந்தச் சூட்டில் பிடிக்காது, அதற்கு வேறு சாயம், 130 டிகிரி அழுத்தக் கலன். இத்தனையையும் முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைக்காகச் செய்தவர்களைத்தான் "அடிமை" என்கிறீர்கள். சொல்லுங்கள், வாய்க்கு வலிக்கவா போகிறது?

பிறகு சந்தனப் பூ, தகனத்தில் இறந்தவருக்கு வைப்பது. பேர்தான் சந்தனம், வீடுகளில் செய்தது பெரும்பாலும் காகிதத்தில். அரசருக்காக நிறையப் பேர் டாஃபடில் என்ற பூவின் வடிவத்தில் செய்தார்கள்: ஆறு இதழ், நடுவில் ஒரு குப்பி, கம்பியில் நூலால் இறுக்கிக் கட்டு, கூடவே குட்டி ஊதுபத்தி, மெழுகுவத்தி. காகிதம் தடித்தால் இதழ் வளையாது. பசை கூடினால் கறை. 2017 அக்டோபர் 26 தகனத்தன்று அந்தப் பூக்களை வைக்க மாகாணந்தோறும் தகனமேடையின் மாதிரி எழுப்பியிருந்தார்கள். பாங்காக்கின் சனாம் லுவாங் மைதானத்தில் நின்ற அசல் மேடை சுமார் 50 மீட்டர் உயரம், மேரு மலையாக எண்ணிக் கட்டியது. ஊர்வலத்தில் வந்த தேர் 1795இல் செய்தது, 13 டன்னுக்கு மேல், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இழுத்தார்கள்.

"அரசு மிரட்டி அழவைத்தது" என்று வருவீர்கள். ஓராண்டில் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தியவர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரையும் மிரட்டுகிற கம்பு எந்த அரசிடம் இருக்கிறது?

"112ஆம் பிரிவு?" இருக்கிறது. அரசரை இழிவுபடுத்தினால் ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டு சிறை. கொடுமையான சட்டம், நான் முட்டுக் கொடுக்கவில்லை. கறுப்பு உடுத்தாதவர்களை மடக்கி வைததும் நடந்தது. அவர்களிடம் கறுப்பு வாங்கக் காசு இருந்ததா என்று வைதவர்கள் கேட்டார்களா தெரியாது. ஆனால் அதை வைத்துப் பூக்கட்டிய கிழவியையும் போலீஸ் கணக்கில் எழுதாதீர்கள். கோபம் வருகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. பூமிபோல் பிறந்தது திங்கட்கிழமை, அங்கே திங்களுக்கு மஞ்சள் நிறம். 2006இல் அவருடைய அறுபதாம் ஆட்சியாண்டுக்கு ஊரே மஞ்சள் உடுத்தியது. 2008இல் அதே மஞ்சள் சட்டை போட்ட ஓர் அரசியல் கூட்டம் பாங்காக் விமான நிலையங்களை மறித்து உட்கார்ந்தது. எல்லோருக்குமான நிறம் ஒரு கட்சிக்காரன் நிறமானது. மகனுக்கு நாற்காலி வந்தது, நீலப் பட்டையும் அப்படியே இருக்கிறது. 2020இல் மாணவர்கள் தெருவுக்கு வந்து அரண்மனையின் அதிகாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்களும் தாய்லாந்துக்காரர்கள்தானே? அன்பு மனிதர் மேல் இருந்ததா, நாற்காலி மேல் இருந்ததா என்று அப்போதுதான் பலர் யோசித்தார்கள். "அடிமை" என்று ஒரே சொல்லில் முடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படிப் புரியும்?

சாயத்தில் ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. பருத்திச் சட்டையானாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். பழைய மஞ்சள் சட்டையை எவ்வளவு நேரம் முக்கினாலும் துணி கறுக்கும், காலரைச் சுற்றி, பொத்தான் பட்டை ஓரமாக, தையல் மட்டும் மஞ்சளாகவே நிற்கும்.