நாலு வட்டமும் ஒரு டம்ளரும்

போன வருடம் நாற்பது முடிந்தது. அன்றிலிருந்து ‘நாம் எதற்காக இருக்கிறோம்’ என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. ஆபீஸ், இஎம்ஐ, தூக்கம், மறுபடி ஆபீஸ். இதற்குத்தானா?

யூடியூப் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். காலை 5 மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது (“அதுக்குப் பேரு வெறும் குளியல்தான்டா” என்றார் அம்மா), ராத்திரி நன்றி டைரி. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். 22ஆம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். அப்புறம்தான் படித்தேன், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் சராசரியே 66 நாளாம். ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாமாம்.

கடைசியாக இகிகாய். ‘வாழ்வதற்கான காரணம்’ என்று அர்த்தம் சொல்கிற ஜப்பானிய வார்த்தை. பிடித்தது, நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைப்பது. நாலு வட்டம், நடுவில் உங்கள் வாழ்க்கையின் பொருள். காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்து ரூல்டு நோட்டில் வரைந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் நடுக்கட்டம் காலி. பக்கத்தில் காபிக் கறை மட்டும் ஐந்தாவது வட்டமாக விழுந்திருந்தது.

எரிச்சலில் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஜப்பானே இல்லை! வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஜோதிடர். நடுவில் அவர் எழுதியிருந்தது ‘நோக்கம்’. 2014இல் மார்க் வின் என்பவர் அதை எடுத்துவிட்டு ‘இகிகாய்’ என்று போட்டார். ஜோதிடம்தான் வேண்டுமென்றால் எங்கள் தெருமுனையிலேயே பார்த்திருப்பேனே.

இகிகாய் பற்றி 1966இலேயே புத்தகம் எழுதியவர் மியேகோ காமியா என்ற மனநல மருத்துவர். ஜப்பானில் நாகாஷிமா தீவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தில் வேலை பார்த்தவர். ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த மனிதர்கள். ஒரே இடம், ஒரே நோய். அப்படியிருந்தும் சிலருக்கு வாழ்க்கை வெறுமையாகத் தெரிகிறது, சிலருக்கு அப்படித் தெரியவில்லை, ஏன்? அதுதான் அவருடைய கேள்வி. அதில் சம்பள வட்டத்துக்கு எங்கே இடம்?

என் கோபமே அந்த நாலாவது வட்டத்தின் மேல்தான். சும்மா செய்கிற எதுவும் கணக்கில் வராது என்று அது நம்மை நம்பவைத்துவிடுகிறது.

அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். பக்கத்து வீட்டு வாத்தியாருக்குப் பார்வை போய் நாலு வருடமாகிறது. தினமும் 6 மணிக்கு எங்கள் திண்ணையில் அப்பா அவருக்குப் பேப்பர் படிப்பார், ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற அதே குரலில். அந்தச் சத்தம் தியானத்துக்கு இடைஞ்சல் என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வாழ்க்கையின் பொருளைத் தேடிக்கொண்டிருந்தவன் நான்.

போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். வாத்தியார் வழக்கம்போலத் தடியைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். “இன்னிக்கு நான் படிக்கிறேன் சார்” என்று தலைப்புச் செய்தியில் ஆரம்பித்தேன். அரைப் பக்கம்கூடத் தாண்டவில்லை.

“தம்பி, அதெல்லாம் ரேடியோலயே சொல்லிட்டான்” என்றார்.

உள்ளே போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் குரல்: “டேய், முதல்ல கண்ணீர் அஞ்சலியைப் படி. அவருக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு பார்க்கணும்.”