எனக்கு நானே பரிமாறினதுக்கு 124 ரூபாய்

சர்வீஸ் சார்ஜ் 10%. எந்த சர்வீஸுக்குன்னு மட்டும் யாராவது சொல்லுங்கப்பா, புண்ணியமா போகும்.

உட்கார்ந்ததும் மெனு கேட்டேன். மேசையில ஒட்டியிருந்த க்யூஆர் கோடைக் காட்டிட்டு அந்தப் பையன் போயிட்டான். ஸ்கேன் பண்ணா மெனு வரல, போன் நம்பர் கேக்குது. அப்புறம் ஓடிபி. அப்புறம் பிறந்த தேதி. பரோட்டா திங்க வந்தவனா, பாஸ்போர்ட் எடுக்க வந்தவனா நான்? எல்லாத்தையும் குடுத்து, நானே தேடி, நானே அமுக்கி, நானே ஆர்டர் போட்டேன். தண்ணி ஊத்திக்கிட்டதும் நான்தான். ரெண்டாவது தடவை வெங்காயம் வேணும்னு கை தூக்கி, தூக்கின கை வலிச்சு, கடைசியில நானே எழுந்து போய் வாங்கிட்டு வந்தேன்.

பில் வருது. சாப்பாடு 1,240. சர்வீஸ் சார்ஜ் 124. ரெண்டையும் கூட்டி, அந்த 1,364-க்கு 5% ஜிஎஸ்டி. அதாவது, நான் வாங்காத சேவைக்கு 124 ரூபாய், அந்த 124-க்கு வரி 6 ரூபாய் 20 காசு! காசு வரைக்கும் கணக்குப் பாத்திருக்காங்க, வெங்காயம்தான் கணக்குல வரல.

மேனேஜரைக் கூப்பிட்டேன். டை கட்டின மனுஷன்.

"அது கவர்மென்ட் டாக்ஸ் சார்."

டாக்ஸ் கீழே தனியா இருக்கேன்னேன்.

"மெனுலயே போட்டிருக்கோம் சார்."

போனைப் பெரிசாக்கி, இன்னும் பெரிசாக்கிப் பாத்தா, ஐஸ்கிரீமுக்கும் கீழே எறும்பு மாதிரி ஒரு வரி.

2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, வேற பேர் வச்சும் வசூலிக்கக் கூடாது, அது மேல ஜிஎஸ்டியும் போடக் கூடாதுன்னேன்.

"அது கேஸ்ல இருக்கு சார்."

ஹோட்டல் சங்கங்கள் போட்ட அந்தக் கேஸை 2025 மார்ச்லயே டெல்லி ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு சார்னேன். மனுஷன் அசரவே இல்ல.

"அது டெல்லி சார். இது சென்னை."

இதுக்கு என்னய்யா பதில் சொல்றது? மேசைக்கு அடியில வீட்டுக்காரம்மா கால் என் காலை மிதிக்குது. பக்கத்து மேசைக் குடும்பம் சாப்பிடுறதை நிறுத்திட்டு எங்களைப் பாக்குது. அவங்க பில்லுலயும் அதே 10% வரப்போகுது, ஆனா வேடிக்கை பாக்கிறதுக்கு நான் கிடைச்சேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லப்போறேன்னு போனை எடுத்ததும்தான் அடுத்த கட்டம்: "சிஸ்டத்துல எடுக்க முடியாது சார், பாஸ்வேர்டு ஓனர்கிட்ட இருக்கு." ஓனருக்குப் போன் போகுது. ஓனர் எடுக்கல. ஓனர் மச்சான் எடுக்கிறார். மச்சானுக்குப் பாஸ்வேர்டு தெரியல. சேர்க்கும்போது தானா சேருது, எடுக்கணும்னா குடும்பமே கூடணும்!

இந்த இடைவெளியில அந்தப் பையனைக் கேட்டேன், "தம்பி, இந்தக் காசு உனக்கு வருமா?" மேனேஜர் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, சிரிச்சான். தமிழும் இந்தியும் கலந்து, "பதா நஹி (தெரியாது) அண்ணா, சம்பளம் மட்டும்" அப்படின்னான். எனக்கு அங்கதான் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அமெரிக்காவுல எல்லாம் 20% தராங்க"ன்னு ஒரு கூட்டம் கிளம்பி வரும், தெரியும். அங்க டிப்ஸ் வாங்குற ஊழியருக்கு மத்திய அரசு வச்சிருக்கிற குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அதே 2.13தான். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் முழுக் கூலி தருது, மத்த பல இடங்கள்ல சம்பளத்தையே வாடிக்கையாளர் தலையில கட்டியிருக்கான். அது ஒரு கொடுமை. ஜப்பான்ல மேசையில காசை விட்டுட்டு எழுந்தா, மறந்துட்டீங்கன்னு பின்னாலயே ஓடி வருவாங்க. பிரான்ஸ்ல மெனு விலையிலேயே சேவையும் அடக்கம், மேல சில்லறை விட்டாலும் விடாட்டியும் யாரும் முறைக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல சோம்புத் தட்டுல மிச்சச் சில்லறையோட பத்தோ இருபதோ வச்சுட்டு எழுந்திருவோம், அடுத்த தடவை போனா "வாங்கண்ணா, அதே நெய் ரோஸ்ட்தானே"ம்பாங்க. எந்த ஊர் வழக்கமும் எனக்குச் சம்மதம். அமெரிக்காக்காரன் மாதிரி வசூல், ஜப்பான்காரன் மாதிரி டிப்ஸ் இல்லாத ஊழியன், நடுவுல கல்லாப்பெட்டிக்கு லாபம், இந்தக் கலவை மட்டும் எந்த நாட்டுச் சமையல்?

பாஸ்வேர்டு கிடைச்சு, புது பில் 1,302 ரூபாய்க்கு வந்துச்சு. கட்டிட்டு, நூறு ரூபாயை அந்தப் பையன் கையிலேயே வச்சேன், டை கட்டினவர் பாக்கட்டும்னு. "130 ரூபாய்க்குச் சண்டை போட்டு நூறு குடுக்கிறதுக்கு அரை மணி நேரமா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டா. அவ சிரிச்சா, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

அது இருக்கட்டும். பரோட்டாவுக்குச் சால்னா கேட்டா "கிரேவி தனியா ஆர்டர் பண்ணணும் சார்"னு சொல்றானுங்களே, இவனுங்களை எந்தக் கோர்ட்டுக்கு இழுக்கிறது? பரோட்டாவை வெறுமனே எவன்யா திம்பான்?