விக்கிப்பீடியா பதக்கத்துக்குப் பணம் கிடையாது

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்கு வரும் பதக்கங்களை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் வழங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பதக்கம் என்பது ஒரு பயனர் இன்னொரு பயனரின் பேச்சுப் பக்கத்தில் (மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் பக்கம்) இடும் படமும் பாராட்டு வரியும் மட்டுமே. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2003 இறுதியில் தொடங்கிய வழக்கம் இது. யாரும் யாருக்கும் தரலாம். அதைக் காசாக மாற்றவோ விற்கவோ வழியே கிடையாது.

சரிபார்ப்பது எளிது. பதக்கம் பெற்ற ஒருவரின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தின் வரலாற்றைக் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். எந்தப் பயனர், எந்த நாளில், எத்தனை மணிக்கு அதை இட்டார் என்று வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் அவருடன் சேர்ந்து கட்டுரைகளைத் திருத்திய இன்னொரு தன்னார்வலர்தான் இட்டிருப்பார். உங்களுக்குக் கணக்கு இருந்தால் நீங்களே ஒருவருக்கு ஒன்று கொடுத்துப் பார்க்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

2018இல் நடந்த வேங்கைத் திட்டம் போன்ற கட்டுரைப் போட்டிகளில் பரிசு உண்டு என்பது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அது போட்டி, அதற்குத் தனி விதிகள். இரவு விழித்து ஊர்க் கோயில்களையும் கூத்துக் கலைகளையும் பற்றி எழுதுபவர்கள் காசுக்காக எழுதுகிறார்கள் என்ற பேச்சு பரவுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விளக்கம்.